பட்டாணி நண்டுகளும் சீரகத் தண்ணீரும்

கடலை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாது என்பது எனக்குப் பெரிய வீணாகத் தோன்றியது.

என் தங்கை ஆக்சிலியாவை மண்டபத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்த்துவிடப் போனபோது பார்த்ததுதான். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். நான் கரையில் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். வெகுநேரம் அவள் பார்க்கவில்லை.

என் பெயர் ரோசம்மா. அதியமான்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா இறந்தபோது ஆக்சிலியா பால்குடி மறக்காத பிள்ளை. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சவரிராயனுக்குக் காட்டு வேலை தவிர வேறு தெரியாது. அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பூசைக்குத் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் நான்தான். கோயிலில் புதிதாக வந்த பங்குச்சாமியார் ஒருமுறை என்னைத் தாய் என்றே நினைத்துப் பேசினார். நான் திருத்தவில்லை. பிறகு எனக்கு வரன்கள் வந்தன. பிள்ளையோடு வருகிறேன் என்று சொன்னேன். வரன்கள் நின்றுவிட்டன. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

அவளுக்கு ஆறு வயதில் முகம் வீங்க ஆரம்பித்தது. சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். கிட்னி இரண்டும் பாதி வேலைதான் செய்கின்றன, கவனமாக வைத்துக்கொண்டால் நெடுநாள் வாழலாம் என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாத்திரைகூட ஒரு வேளை மறந்தா பரவால்லம்மா. உங்க ஊர் போர் தண்ணியை மட்டும் இந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடாதீங்க."

எங்கள் பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். வயதானவர்களில் பலருக்கு முதுகு வளையாது, முழங்கால் மடங்காது. நல்ல கிட்னி அதில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன கிட்னி தள்ளாது, அது எலும்பில் போய்த் தங்கும், கிட்னியையும் மேலும் கெடுக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தனிக் குடம். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தோம். அது தீர்ந்தால் அப்பா சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வெளியூர் போய் வருவார். அப்பா நாலுவழிச் சாலையில் லாரி மோதி இறந்தபின் நான் பஸ்ஸில் போய்த் தூக்கி வந்தேன். பிறகு ஒகேனக்கல் குழாய் எங்கள் தெருவுக்கும் வந்தது. அதிலிருந்து எல்லா வீடுகளையும் போல எங்கள் வீட்டிலும் குடிக்க, சமைக்க ஆற்றுத் தண்ணீர். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க போர் தண்ணீர். எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் எந்தக் குடம் எதற்கு என்று தெரியும். இதையெல்லாம் சொல்வது, அவளை நான் எப்படி வளர்த்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

கடலே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கடல் எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி சிப்பிக்குள் வாழும் சின்ன நண்டுகளைப் பற்றியது. கடலடி மணலில் கூர்முனை புதைந்து, விரித்த விசிறி மாதிரி நிற்கும் பெரிய சிப்பிகள் உண்டாம். அவற்றின் உள்ளே பட்டாணி அளவில் ஒரு நண்டு குடியிருக்கும். விடுமுறைக்கு வரும்போது ஜாடி ஜாடியாக ஸ்பிரிட்டில் போட்டு எடுத்து வருவாள். சாப்பாட்டு மேசையில் மைக்ரோஸ்கோப்பை வைத்து, சிப்பியின் நீளத்தையும் அதற்குள் இருந்த நண்டின் அகலத்தையும் அளப்பாள். முட்டைகளை ஊசி முனையால் ஒதுக்கி எண்ணுவாள். நான் எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன்.

"இந்த நண்டு பெருசா சிறுசான்னு அதோட வயசு முடிவு பண்ணாதுக்கா, சிப்பிதான் முடிவு பண்ணும்" என்று ஒருநாள் சொன்னாள். "சின்ன சிப்பியில குடியேறுனது சின்னதாவே நின்னுடும். பெரிய சிப்பின்னா பெருசாவும், முட்டையும் நெறைய வெக்கும். ஒரு கரையில பெரிய சிப்பியெல்லாம் ஆளுங்க பொறுக்கிட்டாங்கன்னு வெச்சுக்க, கொஞ்ச நாள்ல அங்க நண்டே கொறஞ்சு போயிடும். நண்டை யாரும் தொடல பாரு. வூட்டத்தான் தொட்டாங்க."

உள்ளே போன பெண் நண்டுக்கு ஓடு இளகிவிடும் என்றும் சொன்னாள். உள்ளே எதிரி இல்லை, சாப்பாடு தானாக வருகிறது, பிறகு ஓடு எதற்கு. அதன்பின் அது வெளியே வர முடியாது, வந்தால் ஏதாவது மீன் தின்றுவிடும். ஆண் நண்டுக்கு மட்டும் ஓடு கெட்டி. அது சிப்பி விட்டுச் சிப்பி சுற்றும்.

"நம்மூரு மாதிரியேன்னு சொல்லு" என்றேன்.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தாள். அந்தச் சிப்பி எவ்வளவு நல்லது என்று நான் சொன்னதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பிக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது, நண்டு அதன் செவுளைச் சுரண்டித் தின்கிறது, சிப்பி திறந்து மூடுவதால் இது உள்ளே வந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்றாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஊரடங்கு வந்ததும் ஜாடிகளோடு வீட்டுக்கு வந்தாள். உலகத்துக்கு அது கெட்ட காலம். எனக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. பள்ளிக்கூடம் இல்லை. காலையில் இருவரும் சேர்ந்து சமைப்போம், அவள் நண்டு அளப்பாள், நான் அவள் தலையை வாரிப் பின்னுவேன். முப்பது வயதை நெருங்கிய பெண் தலையைப் பின்னக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் திறந்தபின்னும், ஆய்வேட்டை எழுத வீடுதான் வசதி என்று ஒரு வருடம் இருந்தாள். அதன்பின் மண்டபம் திரும்பிப் போகப் பெட்டியை எடுத்து வெயிலில் வைத்தாள்.

அந்தக் கோடையில் சாலையை அகலப்படுத்தத் தோண்டியதில் ஒகேனக்கல் குழாய் உடைந்தது. ஒட்டுவார்கள், மறுபடியும் உடையும். தண்ணீர் வந்தால் வரும். தெருவில் எல்லோரும் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். காய்ச்சினால் எந்தக் கெடுதியும் போய்விடும் என்று எங்கள் ஊரில் படித்தவர்களும் நம்புவார்கள். நானும் நம்பினேன். நன்றாகக் கொதிக்கவைத்து, ருசி தெரியாமல் இருக்கச் சீரகம் போட்டு அவள் குடத்தில் ஊற்றினேன். வேலையில் மூழ்கியிருந்தவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்கு முழங்காலும் முதுகும் வலிக்க ஆரம்பித்தன. மண்டபம் போவதைத் தள்ளிப்போட்டாள். காய்ச்சிக் கொடுத்தது என் அறியாமை. அதற்காக நான் அழுதிருக்கிறேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். படங்கள் மாட்டினார்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைக்கும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டது. நான் சொன்னேன், பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் குடத்தைக் கொட்டிவிடுவது என்ற எண்ணத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். குழாயும் அதற்குள் சரியாகியிருந்தது. ஆக்சிலியா முதுகுக்கு வெந்நீர்ப்பை வைத்துப் படுத்திருந்தாள்.

"இந்த மாசமும் போகலக்கா. அப்பறம் பார்த்துக்கலாம்" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சமையலறைக்குப் போய், போர் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சீரகம் போட்டேன்.

அவளைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று ஒரு கணம்கூட நினைத்ததில்லை. வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். கம்பளி உறை பின்னி முழங்காலுக்குப் போட்டேன். கழிவறையில் பிடித்து எழக் கம்பி வைத்தேன். ஊசி போடப் பழகிக்கொண்டேன். ஆற்றுத் தண்ணீர் வந்தபடியேதான் இருந்தது. அதை வீணாக்க எனக்கு மனம் வராது. அதை நான் குடித்தேன்.

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளுக்கு வாய் அடங்காது. குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"என்னாங்க டீச்சரம்மா, நண்டு படிக்கப் போன புள்ள நண்டாட்டமே நடக்குது?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவளோடு பல நாள் பேசவில்லை. ஆக்சிலியாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "சரியாத்தான் சொல்லியிருக்குது. என்னா, நண்டுக்கு எட்டுக் கால் இருக்குது, எனக்கு ரெண்டுதான்" என்றாள்.

அவளோடு படித்த மாதவராஜ் என்பவர் அந்தச் சமயத்தில் காரெடுத்து வந்தார். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். என்னைப் பார்த்ததும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆக்சிலியாவுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது, கடற்கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் இருக்கிறது, கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்றார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன். உடம்பு முடியவில்லையே, நடக்கக்கூட முடியாதே என்று சொன்னேன்.

"உக்காந்து பாக்குற வேலதானக்கா. காலு எதுக்கு? தூக்கி வண்டியில வச்சிக் கொண்டு போயிருவேன்" என்றார்.

ஆக்சிலியா வெட்கப்பட்டாள். அடுத்த மாதம், மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் வருகிறேன் என்று அவரிடம் சொன்னாள். அவர் போனபின் மேசையைத் துடைத்து மைக்ரோஸ்கோப்பைத் துணி போட்டுக் கட்டினாள். பாடிக்கொண்டே கட்டினாள்.

கால் மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அவளுடைய கஞ்சியையும் பருப்பையும் அந்தத் தண்ணீரிலேயே வைத்தேன். எனக்குத் தனியாகச் சமைத்துக்கொண்டேன். இரண்டு அடுப்பு வேலை. நான் சோம்பேறி இல்லை.

அவள் மெலிய ஆரம்பித்தாள். முகம் வீங்கியது, கைகள் குச்சியாயின. ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைவரை போய்வந்திருந்தாள். மேசைமேல் இரண்டு ஜாடிகள். நண்டு போட்டு வைக்கும் ஸ்பிரிட் வீரியமாக வரும், அதில் தண்ணீர் கலந்துதான் பயன்படுத்துவாள். கடையில் வாங்கும் சுத்தத் தண்ணீர் தீர்ந்திருந்தது. ஒரு ஜாடியில் தன் குடத்துத் தண்ணீரை ஊற்றியிருந்தாள். அது பால் கலந்ததுபோல் கலங்கி, அடியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. இன்னொன்றில் என்னுடைய செம்புத் தண்ணீரை ஊற்றியிருந்தாள். அது தெளிவாக இருந்தது. செம்பு பக்கத்திலேயே இருந்தது.

அவள் இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையை மாட்டிவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். விடைத்தாள்களை எடுத்தேன். நான் பாதிக் கட்டைத் திருத்தி முடித்தபோது அவள் சொன்னாள்.

"சிப்பிதான்க்கா மெலியும். நண்டு மெலியாது."

ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆமாம் பாப்பா என்றேன். அவள் இரண்டு ஜாடிகளையும் மூடினாள்.

"அக்கா, குடிக்கத் தண்ணி குடு" என்றாள்.

அவள் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள். நல்ல தாகம் போலிருந்தது. அதன்பின் அவள் போவதைப் பற்றிப் பேசவில்லை. மாதவராஜ் போன் செய்தால், தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னாள்.

கிட்னி இரண்டும் நின்றுபோனபின், தர்மபுரியில் அவளுக்கு டயாலிசிஸ் செய்த இடத்தில் எலும்புப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஃபுளோரைடு இவ்வளவு ஏறியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அவளிடம்தான் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் அவள் துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆத்துத் தண்ணிதாங்க. எங்கக்கா எனக்குன்னு தனியா எடுத்து வெச்சுடுவாங்க."

சின்ன வயதில் ஏறியதாக இருக்கும் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். ஆக்சிலியா சின்னதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஆகவே அவளுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. அந்த ஒரு நிம்மதி எனக்கு இருக்கிறது.

தவக்காலத்தில் ஒரு விடியற்காலை அவள் இறந்தாள். தலை என் மடியில் இருந்தது. முதல்நாள்தான் எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தேன். முழங்கால்கள் மடங்கியபடி நீட்ட வராததால் பெட்டியை ஆழமாகச் செய்யச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் மாதையன் குழி வெட்டினார். அப்பாவுக்கும் அவர்தான் வெட்டியவர். சின்னப் பிள்ளைக்கு வெட்டுற மாதிரி இருக்குதுங்க டீச்சர் என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மாதவராஜ் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தார். ஜாடிகளை ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அவள் பெயரில் வைப்பார்கள் என்றார். நான் அலமாரியைத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொன்றாய்த் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கியவர், அடியில் வெள்ளைப் படிவு இருந்த ஜாடியை எடுத்ததும் நின்றுவிட்டார். இது ஆற்றுத் தண்ணீரில் வராது, உப்பு மிகுந்த தண்ணீரைக் கலந்தால்தான் இப்படிப் படியும் என்றார். சமையலறைக்குப் போனார். அவள் குடம் இருந்த இடத்திலேயே இருந்தது. தினமும் பிடித்து வைக்கும் வழக்கம் எனக்கு விடவில்லை. கொஞ்சம் மொண்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, இந்தக் குடத்துல இருக்கிறது எந்தத் தண்ணி?"

போர் தண்ணீர் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். என்னிடம் யாரும் அதுவரை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அவர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள் தம்பி, என் கைப்பட நானே எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னீர்களா என்று மாதவராஜ் கேட்டார். சொன்னதில்லை. பாவம் என்று தோன்றுவதைத்தானே அங்கே சொல்வார்கள்.

என் தங்கை ஆக்சிலியாவுக்கு, அவள் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தே, போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தது நான். அந்தக் கோடைக்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் அதனால்தான் இறந்தாள். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எந்தத் தண்டனைக்கும் நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை.

வருத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வீட்டில் அவள் இருமல் சத்தம் இல்லை. விடைத்தாள் திருத்தும்போது எதிர் நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. கஞ்சியையும் பருப்பையும் அதில் வைத்திருக்க வேண்டாம். நான் அவசரப்பட்டுவிட்டேன். குடிக்க மட்டும், அதுவும் அளவோடு கொடுத்திருந்தால் ஆக்சிலியா இன்றும் என்னோடு இருந்திருப்பாள்.